போலீஸ் வேலைக்குப் போகப்போகிறேன்: வாசகர் கேள்விகள்

31 ஆண்டுகள் சீருடையில் இருந்து, ஆய்வாளராக ஓய்வுபெற்ற பெண் அதிகாரி பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எனக்கு 19 வயது. போலீஸ் வேலைதான் என்று பள்ளியிலேயே முடிவெடுத்துவிட்டேன். தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். தண்டால், புல்-அப்ஸ் எல்லாம் எடுக்கிறேன். வேறு எதில் தயாராக வேண்டும்?

பதில்: ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள் தம்பி. ஆனால் ஒரே வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடுவதோடு நிறுத்தாமல், 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஓடித் தொட்டுத் திரும்பியும் பழகுங்கள். பல நாடுகளில் உடல்தகுதித் தேர்வே இதுதான். அடுத்த பீப் சத்தம் வருவதற்குள் கோட்டைத் தொட வேண்டும். போகப் போக இரண்டு பீப்புக்கு இடையிலான நேரம் குறைந்துகொண்டே வரும். வேலையிலும் யாரையும் நான் 5 கிலோமீட்டர் துரத்தியதில்லை. ஒரு பாய்ச்சல், சட்டென்று ஒரு நிறுத்தம், ஒரு திரும்பல், அவ்வளவுதான். கணுக்காலும் முட்டியும் அடிபடுவது அங்கேதான்.

ஆனால் தம்பி, ஓடியதைவிட நான் எழுதியதுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு வீட்டில் திருட்டு. பார்த்துவிட்டு வந்து, ‘பின்பக்க ஜன்னல் உடைக்கப்பட்டிருந்தது’ என்று எழுதினேன். என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “கண்ணாடித் துண்டுகள் உள்ளே கிடந்ததா, வெளியே கிடந்ததா?” எனக்குத் தெரியவில்லை. துண்டுகள் பெரும்பாலும் உள்ளே விழுந்திருந்தால் வெளியிலிருந்து உடைத்திருக்கலாம். வெளியே கிடந்தால், உள்ளே இருந்த யாரோ திருட்டுப்போல் காட்டியிருக்கலாம். திரும்ப ஓடினேன். அதற்குள் அந்த வீட்டம்மா, குழந்தை காலில் குத்திவிடும் என்று சுத்தமாகப் பெருக்கி அள்ளிவிட்டார். அந்த வழக்கு நிற்கவே இல்லை.

ஆகவே இன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்தில் 5 நிமிடம் நில்லுங்கள். வீட்டுக்கு வந்து, பார்த்ததை எழுதுங்கள். எழுதி முடித்ததும், கண்ணால் பார்த்தது எது, நீங்களாக முடிவுகட்டியது எது என்று பிரியுங்கள். ‘குடித்திருந்தார்’ என்பது உங்கள் முடிவு. ‘கண் சிவந்திருந்தது, மது வாடை வந்தது, நடக்கும்போது இரண்டு முறை சுவரைப் பிடித்தார்’ என்பது நீங்கள் பார்த்தது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் முதலாவது உடைந்துபோகும், இரண்டாவது தாங்கும். இந்தப் பழக்கத்தைப் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியமாதிரி.

கேள்வி: என் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு போலீஸ் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். பெண்பிள்ளைக்கு ஆபத்தான வேலை ஆயிற்றே என்று எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள் அம்மா. அவள் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பதே உங்கள் வீட்டின் நல்ல காலம். 1910-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் என்ற பெண் காவலராகச் சேர்ந்தார். போலீஸ்காரர்களுக்கு டிராமில் இலவசம் என்பதால் பேட்ஜைக் காட்டினாராம். கணவரின் பேட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றாராம் நடத்துநர். அதற்குப் பிறகுதான் ‘பெண் காவலர், எண் 1’ என்று தனி பேட்ஜ் அடித்துக் கொடுத்தார்கள். உங்கள் மகள் அந்த வழியில் வெகுதூரம் தள்ளி நிற்கிறாள்.

ஆபத்து உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய். இடது தோளில் எனக்கு இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தழும்பு இல்லை, சாவுச் செய்தி சொல்லப் போன வீடுகள். ஒரு விபத்துக்குப் பிறகு பையனின் அம்மாவிடம் சொல்லப் போனேன். துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, “உங்கள் மகன் இறந்துவிட்டான்” என்றேன். அவர் கை நிற்கவில்லை. அவனுடைய சட்டையை மடித்து, கையால் நீவி, அடுக்கின்மேல் வைத்தார். பிறகு அதையே எடுத்து உதறி, மறுபடி மடித்தார். அவருடைய தங்கை வந்துசேரும்வரை ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: இந்தச் செய்தியை போனில் சொல்லக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. ‘நிலைமை கொஞ்சம் மோசம்’ என்று மழுப்பக் கூடாது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு அம்மா. அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால், என்ன ஆச்சு என்று துருவாமல் கூடவே உட்காருங்கள். என் அம்மா எனக்கு அதைத்தான் செய்தார்.

கேள்வி: சிவப்புக்கும் பச்சைக்கும் எனக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவத் தேர்வில் தெரிந்துவிடுமா?

பதில்: தெரிந்துவிடும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டுவார்கள். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட சோதனை அது. மனப்பாடம் செய்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். குறைபாட்டின் அளவைப் பொறுத்து விதிகள் நாட்டுக்கு நாடு, பிரிவுக்குப் பிரிவு மாறும். இரண்டு வருடம் உழைத்துவிட்டுக் கடைசி நாளில் தெரிந்துகொள்வதைவிட இன்றே தெரிந்துகொள்வது நல்லது. சீருடை கிடைக்காவிட்டாலும் சைபர் குற்றப் பிரிவு, ஆவணப் பிரிவு என்று துறைக்குள் நிறைய இடம் உண்டு.

கேள்வி: 17 வயதில் ஒரு அடிதடியில் என் பெயரும் சேர்ந்து வழக்காகி, பிறகு விடுதலையாகிவிட்டேன். விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும் என்கிறான் நண்பன். (பெயர் வேண்டாம்)

பதில்: நண்பன் சொல்வதைக் கேட்காதீர்கள். நீங்கள் சேரப்போவதே விசாரிக்கிற துறையில். முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான். அக்கம்பக்கம், படித்த இடம், பழைய வழக்கு, சமூக வலைத்தளப் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். பழைய வழக்கு சில இடங்களில் தடையாகலாம், சில இடங்களில் ஆகாது. மறைத்தது தெரிந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். சிறுவயது வழக்கு என்பதால் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை என்ற பாதுகாப்பும் சில சட்டங்களில் உண்டு. ஒரு வழக்கறிஞரிடம் விண்ணப்பப் படிவத்தையே காட்டி, அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊகத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: எனக்கு துப்புத் துலக்குவதில்தான் ஆசை. ஆனால் இரண்டு தட்டு தட்டாமல் எவன் உண்மையைச் சொல்வான்? நேர்மையாகச் சொல்லுங்கள் மேடம்.

பதில்: நேர்மையாகவே சொல்கிறேன். அடித்தால் பதில் வரும். அடி நிற்பதற்கு எது தேவையோ அந்தப் பதில் வரும். 1974-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த குண்டுவெடிப்புகளுக்காக ஆறு பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். காவலில் எங்களை அடித்து எழுதி வாங்கினார்கள் என்று கடைசிவரை சொன்னார்கள். 1991-இல் அந்தத் தண்டனைகள் ரத்தாகின. 16 ஆண்டு போனது அவர்களுக்கு. உண்மையில் குண்டு வைத்தவர்கள் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படவே இல்லை, அதையும் நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பிறகுதான் அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள்: முன்தயாரிப்போடு போ, எதற்கு விசாரணை என்று விளக்கு, அவரைக் குறுக்கிடாமல் பேசவிடு, சொன்னதைச் சான்றுகளோடு ஒப்பிடு.

அடிப்பது மட்டும்தான் தப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சொல் போதும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, ‘மோதியபோது என்ன வேகம்?’ என்று சிலரிடமும், ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். மற்ற 50 பேரில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே செய்துவிட்டேன். சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பாட்டியிடம், “நீலச் சட்டை போட்டிருந்தானா பாட்டி?” என்று கேட்டேன். நாங்கள் பிடித்து வைத்திருந்த பையன் நீலச் சட்டை. பாட்டி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். “ஆமாம்மா, நீலம்தான்” என்றார். அந்தப் பையன் ஓர் இரவு முழுவதும் உள்ளே இருந்தான். அந்த நேரத்தில் அவன் வேலையில் இருந்ததை மறுநாள் அவன் முதலாளி பதிவேட்டோடு வந்து காட்டினார். நான் அவன் வீட்டுக்குப் போய் அவனுடைய அப்பா முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை. அது சரிதான்.

அதன்பிறகு ஓய்வுபெறும்வரை என் முதல் கேள்வி ஒன்றுதான்: “என்ன நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நாலைந்து நொடி மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமலே வருவதுதான் பல நேரம் வழக்கைத் துலக்கும். அடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்த வேலைக்கு வருவதாக இருந்தால், தயவுசெய்து வராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: இரண்டாவது முறையும் ஓட்டத்தில் நாலு நொடியில் போய்விட்டது அக்கா. வயது வரம்புக்குள் இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது.

பதில்: நாலு நொடி பயிற்சியில் மீட்கக்கூடியதுதான் மகளே. முதல் சுற்றை எத்தனை நொடியில் ஓடினீர்கள் என்று எழுதவில்லையே? விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்ந்து, கடைசிச் சுற்றில் கால் கனத்துப்போய் நிற்பவர்களைத்தான் தேர்வு மைதானங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரையாவது ஓரமாக நிற்கவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரம் வரும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். ஆறு வாரக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.