மீன்வாடிக் கணக்கும் மகளின் படிப்பும்

அக்கா, மகளைக் கணினி வேலையை விடச் சொல்லி வங்கிப் பரீட்சைக்கு அனுப்பவா என்று கேட்டிருந்தீர்கள், முதலில் அதற்குப் பதில். இப்போதே அவசரப்பட வேண்டாம்.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை, வாழைச்சேனையில் மாமாவின் மீன்வாடிக்கு ஒரு கணக்குச் செயலி செய்திருக்கிறாள். கரையில் போனில் பதிவது கூகுள் ட்ரைவுக்கும், வாடிக் கணினியில் பதிவது மைக்ரோசொப்டின் வன்ட்ரைவுக்கும் (OneDrive) போகும். பிறகு இரண்டும் ஒன்றாக வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு படகுக்காரருக்குக் கொடுத்த 5000 ரூபாய் முற்பணத்தைப் போனில் பதிந்தார்கள். அதே ஆளின் தொலைபேசி எண்ணை வாடியில் யாரோ திருத்தினார்கள். பின்னேரம் பார்த்தால் முற்பணத்தைக் காணவில்லை. மாமா ஏச, நீங்களும் பயந்துவிட்டீர்கள்.

நடந்தது இதுதான். கடைசியாக எழுதியதே சரி என்று அவள் விதி வைத்திருக்கிறாள். வாடியிலிருந்து வந்த பதிவு புது எண்ணோடு அந்த ஆளின் பழைய மீதியையும் சேர்த்துக்கொண்டு வந்து, போனில் பதிந்ததை மூடிவிட்டது. போனின் மணிக்கூடு சில நிமிடம் பிந்தி ஓடினாலும் இதே கதைதான். இது பெரிய கொம்பனிகளுக்கும் உள்ள தலையிடி. ஒரே பைலை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால், பைல் சேமிப்புச் சேவையான ட்ரொப்பொக்ஸ் எது சரியென்று தானாகத் தீர்மானிப்பதில்லை. இரண்டாவது பிரதியைத் தனியாக வைத்து ஆளிடமே விட்டுவிடுகிறது. அமேசன் பொறியியலாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், இணையக் கடைக் கூடையிலிருந்து நீக்கிய பொருள் சிலவேளை திரும்பி வந்துவிடும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு சேவைகளுக்கும் பழக்கமும் வேறு. கூகுள் ட்ரைவ் ஒரே போல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு பைலை விடும், வன்ட்ரைவ் விடாது. தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு வில்லங்கம்: ‘கொள்வனவு’ என்பதில் வரும் ‘கொ’வை, கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோட் முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதையும் ஒருக்கா பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு சேவை தேவையே இல்லை. ஒன்றை மூலமாக வைத்து, மற்றதைக் காப்புப் பிரதிக்கு மட்டும் விடலாம். அப்புறம், மீதியை அழித்தெழுதும் பழக்கத்தை விட வேண்டும். வங்கிப் புத்தகத்தில் போல ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் தனி வரி, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண். பிழையாகப் பதிந்தாலும் அழிக்காமல் ‘இரத்து’ என்று இன்னொரு வரி. மீதியைக் கூட்டி எடுத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டு பக்கமும் எழுதினாலும் வரிகள் சேருமே தவிர மோதாது.

சரி, படிப்புக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதுமென்றால் வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இரண்டையும் விண்ணப்பத்தில் போடுங்கள். போதாவிட்டால் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் அது ஆங்கில மொழிமூலம். மூன்று மாதத்தில் வேலை என்று பதாகை கட்டும் இடங்களுக்கு மட்டும் நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘நீ செய்த ஒன்றில் எது உடைந்தது, எப்படிப் பிடித்தாய்?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் இப்போதே பதில் இருக்கிறது. போனை விமானப் பயன்முறையில் போட்டு அதே பிழையை வேண்டுமென்றே வரவழைத்து, திருத்தி, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடலாம், கடவுச்சொல்லையும் படகுக்காரர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டு.

அந்த ஒரு பக்கத்தோடு அவளை அடுத்த கிழமை என்னிடம் அனுப்புங்கள். மாமாவிடம் அதுவரை கொப்பியிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.