ஒரு யூனிட் எம்-சாண்டை பிக்கப்பில் எத்தனை நடையில் ஏற்றலாம்?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன், 1.7 டன் மாடல். இதுவரை காய்கறி லோடுதான் ஓட்டினேன். இப்போது ஏற்காட்டில் ஒரு பங்களாவுக்குத் தோட்ட வேலை எடுத்திருக்கிறேன். ஒரு யூனிட் (100 கன அடி) எம்-சாண்ட், ஒரு யூனிட் செம்மண், 300 சதுர அடிக்கு 60 மி.மீ. பேவர் பிளாக், அழகுக்கு நாலு பாறாங்கல் மேலே போக வேண்டும். மண் யூனிட்டுக்கு இரண்டு நடை, பிளாக் ஒரே நடை என்று வைத்து விலை சொல்லிவிடு என்கிறார் நண்பர். பின்னால் ஸ்பிரிங் பட்டை இரண்டு சேர்த்தால் மூன்று டன் தாங்குமாம். சரிதானா?"

சரியில்லை. அந்தக் கணக்கில் விலை சொல்லிவிடாதீர்கள்.

காய்கறி லோடில் தொட்டி நிறைந்தால்தான் நடை கட்டுபடியாகும். அந்தப் பழக்கத்தில் மண்ணையும் கல்லையும் பார்க்கக் கூடாது. தொட்டி பாதி நிறைவதற்குள்ளேயே வண்டிக்கு உரிய எடை முடிந்துவிடும். ஆர்சி புத்தகத்தில் லோடுடன் சேர்ந்த எடையும் வெறும் வண்டி எடையும் தனித்தனியாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்கிற எடை. உங்கள் வண்டிக்கு 1,700 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அதில் நீங்கள், இரண்டு லோடுமேன், மண்வெட்டி, கடப்பாரை, கயிறு எல்லாமாக 250 கிலோ போய்விடும். சரக்குக்கு மிச்சம் 1,450.

இப்போது தொட்டியை டேப் வைத்து அளந்து பாருங்கள். 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்றால் தரை சுமார் 50 சதுர அடி. ஒரு அடி உயரம் நிரப்பினால் 50 கன அடி, அதாவது அரை யூனிட். உங்கள் நண்பர் சொல்லும் இரண்டு நடை இதுதான். நன்றாக நனைந்த எம்-சாண்ட் ஒரு கன அடி 55 கிலோ வரை வரும். அரை யூனிட்டுக்கு 2,750 கிலோ ஆகிறது! 1,450 கிலோவுக்கு 26 கன அடிதான் கணக்கு. தொட்டியில் பரப்பினால் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஆறு அங்குலத்தில் தொட்டியின் உள்பக்கம் சுற்றிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஏற்றுகிறவருக்கு டன் கணக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் கோட்டைக் காட்டுவது சுலபம். ஆக, ஒரு யூனிட் எம்-சாண்ட் நான்கு நடை.

குவாரியில் ஜேசிபி ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பரவலாக ஓடும் ஜேசிபியின் முன் பக்கெட் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அள்ளும். 35 கன அடி! ஒரே பக்கெட்டில் உங்கள் வண்டி ஓவர்லோட். பின் பக்கெட்டில் 9 கன அடி அளவுக்குத்தான் வரும், அதில் கிட்டத்தட்ட மூன்று போதும். உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம், தொட்டிக்கு அருகில் இறக்கிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். முதல் நடையை மட்டுமாவது எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டால் பிறகு கோடே போதும்.

செம்மண் காய்ந்து பொலபொலவென்று இருந்தால் கன அடிக்கு 40 கிலோவுக்குள் அடங்கும், மூன்று நடையில் முடிக்கலாம். மழை பெய்த மறுநாள் அதே மண் 48 கிலோவைத் தொடும். அப்போது நான்கு நடை. இரண்டு நாள் காய விட்டு ஏற்றுவது நல்லது.

பேவர் பிளாக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 60 மி.மீ. பிளாக் சதுர அடிக்கு 13 கிலோ. 100 சதுர அடி பிளாக்கை உங்கள் தொட்டியில் பரப்பினால் முழுக்க இரண்டே அடுக்குதான், ஐந்து அங்குல உயரம்கூட இல்லை. தொட்டி காலியாகக் கிடப்பது போலத் தெரியும். ஆனால் 1,300 கிலோ ஏறியாயிற்று. மூன்றாவது அடுக்கு வைத்தால் 1,950. அதனால் 300 சதுர அடிக்கு மூன்று நடை, ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு.

கருங்கல் கன அடிக்கு 75 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரம் என்றால் 450 கிலோ வரை போகும். நாலு கல்லையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. ஒரு நடைக்கு இரண்டு வையுங்கள், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு. பின் டோரை ஒட்டி வைக்கவே வேண்டாம். நாலு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, தொட்டியின் கொக்கிகளில் கயிறு இழுத்துக் கட்டுங்கள். தார்ப்பாய் மணல் பறக்காமல் காக்கும், கல்லைப் பிடித்து நிறுத்தாது.

பட்டை விஷயத்துக்கு வருகிறேன். பட்டை சேர்த்தால் வண்டி பின்னால் அமுங்காது, அவ்வளவுதான். பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, வீல் பேரிங்கும் டயரும் அதேதான். ஆர்சியில் உள்ள எடையும் மாறாது. வண்டி அமுங்குவது உங்களுக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. பட்டை சேர்த்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த இரண்டு பட்டையும் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பிரேக் லைனிங்கையும் டயரையும் பாருங்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் சூடேறாதபோது, லோடுக்கு உரிய அளவில் பிடியுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் எடை தானாகவே பின்னால் சாயும். ஏற்கெனவே பின்பக்கம் கனமாக இருந்தால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது, ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். வளைவில் எதிரே பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறங்கும்போது வண்டி காலிதானே என்று நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மழை ஈரத்தில் காலி பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கும், பிரேக்கை ஒரேயடியாக மிதிக்க வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 2019 முதல் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிகுதியான சரக்கை அங்கேயே இறக்க வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது. அப்புறம், எம்-சாண்டுக்கும் செம்மண்ணுக்கும் ஒவ்வொரு நடைக்கும் நடைச்சீட்டு கையில் இருக்க வேண்டும். வண்டி எண், தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று குவாரியை விட்டுக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். சீட்டு இல்லாவிட்டால் வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

எல்லாம் சேர்த்தால் 12, 13 நடை வருகிறது. என்னைக் கேட்டால், எம்-சாண்டையும் செம்மண்ணையும் டிப்பர் வாடகைக்குப் பிடித்து மேலே இறக்கிவிடுவதுதான் லாபம். டீசலும் உங்கள் நேரமும் மிச்சம். பங்களா வாசல் வரை டிப்பர் போகாது என்றால், மெயின் ரோட்டோரம் இறக்கிக்கொள்ள இடம் கேட்டு, அங்கிருந்து உங்கள் வண்டியில் அடியுங்கள். பிளாக், கல், செடி, தொழு உரம் உங்கள் பிக்கப்புக்கு. காய்ந்த தொழு உரம் கன அடிக்கு 20 கிலோவுக்குள்தான், அதை மட்டும் தொட்டி நிறைய ஏற்றலாம். பங்களாக்காரரிடம் விலை சொல்லும்போது நடை எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மழையால் ஒரு நடை கூடினால் யார் தருவது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.