ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பஞ்சும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மா, "வீடு முழுக்கப் பஞ்சாகக் கிடக்கிறது, இவளை உடுப்பு வடிவமைப்புப் படிப்பிலிருந்து பிபிஏவுக்கு மாற்றிவிடலாமா" என்று நேற்று கேட்டீர்கள். வேண்டாம். அவள் தைத்த குயில்ட்டிங் ஜாக்கெட்டை, அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துக் கோடுகோடாகத் தைத்ததை, கையில் வாங்கிப் பார்த்தேன், தையல் ஓரிடத்தில்கூடக் கோணவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் முட்டுகிறது, தோளில் தலையணை கட்டின மாதிரி நிற்கிறது. குறை உள்ளே வைத்த வேடிங்கில், அதாவது அந்தப் பஞ்சு விரிப்பில். படுக்கை விரிப்புக்கு வைக்கிற தடிமனை உடுப்புக்கு வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

உடுப்பு ஏற்றுமதி நிறுவனத்தில் மாதிரி தைக்கிற சாம்பிள் பிரிவுக்குப் போனாலும் சரி, வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங் போனாலும் சரி, "ஏன் இந்த மெட்டீரியல்?" என்றுதான் கேட்பார்கள். அழகாக வரைகிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவர்கள் என் அனுபவத்தில் குறைவு. அவளுக்கு அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

அவளிடம் சொல்லுங்கள்: உடுப்புக்கு மெலிசாக, மடித்தால் மடிகிற வேடிங்தான் வேண்டும். காட்டன் உடம்போடு படிந்து விழும், ஆனால் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கலாம், நனைந்தால் கனத்துச் சீக்கிரம் காயாது. பாலியெஸ்டர் லேசு, சட்டென்று காயும், குளிர் ஜாக்கெட்டுக்கு அதுதான் வழக்கம். உடம்புப் பகுதிக்கு 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு), கைக்கு 80 அல்லது 60 என்று குறைத்து வைப்பார்கள், முழங்கை மடங்க வேண்டுமே. கம்பளி நல்ல கதகதப்புதான், விலையும் அதிகம், சுடுதண்ணீரில் அலசினால் இறுகிப்போகும்.

கடைக்காரர் சொல்கிற ஜிஎஸ்எம்மை அப்படியே நம்ப வேண்டாம். நீளம் 10, அகலம் 10 சென்டிமீட்டர் என்று சரியாகச் சதுரம் வெட்டி, நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, வருகிற கிராமை 100ஆல் பெருக்கினால் போதும், 0.8 கிராம் என்றால் 80 ஜிஎஸ்எம். அப்புறம் அதே துண்டைக் கறுப்புத் துணிக்குள் வைத்துத் தைத்து கையால் நன்றாக உரசச் சொல்லுங்கள். வெள்ளை இழை வெளியே எட்டிப்பார்த்தால் அந்த வேடிங்கோ துணியோ, ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, இதிலும் அவள் சறுக்கியிருக்கிறாள். பேட்டர்ன்படி, அதாவது அளவுக்கு வரைந்த காகித அச்சின்படி, துணியை வெட்டிவிட்டுக் குயில்ட்டிங் போட்டால் துணி உள்ளிழுத்து அளவு குறைந்துவிடும். முதலில் பெரிய துண்டாகக் குயில்ட்டிங் போட்டு, அதன்மேல் பேட்டர்ன் வைத்து வெட்ட வேண்டும். தையல் ஓரத்தில் இருக்கிற பஞ்சைக் கத்தரித்து எடுத்துவிட்டால் அக்குள் முட்டுவது பாதி குறையும்.

மூன்று வகை வேடிங்கில் வகைக்கு இரண்டு துண்டு தைத்து, ஒன்றை மட்டும் துவைத்து, துவைத்ததையும் துவைக்காததையும் பக்கத்துப் பக்கத்தில் நோட்டில் ஒட்டி, கீழே எடையும் சுருங்கின அளவும் எழுதட்டும். இன்டர்ன்ஷிப் நேர்முகத்துக்குப் போகும்போது போர்ட்ஃபோலியோவோடு அந்த நோட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். அடுத்த செமஸ்டர் ஃபீஸை யோசிக்காமல் கட்டுங்கள்.