முழங்கால் வலித்தால் முதலில் சீட்டைப் பாருங்கள்

சைக்கிள் பட்டறைக்காரரின் பதில்கள்

கேள்வி (வாசகர், கும்பகோணம்): எனக்கு 56 வயது. 22 அங்குலக் கறுப்பு சைக்கிளில்தான் கடைக்குப் போய் வருகிறேன். சில மாதங்களாக முழங்கால் சில்லைச் சுற்றி வலி. சைக்கிளை விற்றுவிடும்படி மகன் சொல்கிறான். உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் தரையில் ஊன்றும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்தித்தானே வைத்திருக்கிறேன், பிறகும் ஏன் வலிக்கிறது?

பதில்: விற்காதீர்கள். தாழ்த்தி வைத்திருப்பதால்தான் வலிக்கிறது என்பது என் கணிப்பு. பெடல் அடிமட்டத்துக்கு வரும்போதும் தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல்தான் இருக்கும். சீட்டில் இருந்தபடி பாதம் முழுவதும் தரையில் பதிந்தால், மிதிக்கும்போது உங்கள் கால் ஒருமுறைகூட நீளவில்லை என்று பொருள். மடங்கிய முழங்காலோடு அழுத்தும்போது சில்லு தொடையெலும்பின் மேல் பலமாக அழுந்துகிறது. முன்பக்க வலி என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது சீட்டைத்தான். வலி முழங்காலின் பின்பக்கம் இருந்தால், பெரும்பாலும் சீட் உயரம் கூடிவிட்டது.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகப் போடும் செருப்போடு சீட்டில் முழு எடையையும் வைத்து உட்காருங்கள். ஸ்பிரிங் அமுங்க வேண்டும். பெடலை அடிமட்டத்தில் நிறுத்திக் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. ஓட்டும்போது குதிகாலால் மிதிப்பதில்லை. விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடுதான் பெடல் அச்சின்மேல் இருக்க வேண்டும். அப்போது முழங்காலில் இயல்பாகவே ஒரு சிறு மடக்கம் நிற்கும்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றினால் தசை முரண்டு பிடிக்கும். வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும். சீட் தண்டில் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லாவிட்டால் குறைந்தது ஏழு சென்டிமீட்டர் குழாய்க்குள் இருக்கட்டும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றிப் பழகுங்கள். நெரிசலான தெருவில் அதற்குப் பயமாக இருந்தால், இரண்டு கால்களின் முன்பாதமும் தரையைத் தொடும் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இப்போதைய நிலையைவிட அதுவே எவ்வளவோ மேல்.

இன்னொன்று. ஆடிக் காற்றை எதிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பவராக இருந்தால், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலை மாற்றுங்கள். 18 பல் இருந்தால் 20 பல் போடலாம். வேகம் சற்றுக் குறையும், ஆனால் கால் லேசாகச் சுற்றும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): என் ரேஸ் சைக்கிளுக்குக் கால் உள்ளளவை (கவட்டிலிருந்து தரை வரை) 0.883-ஆல் பெருக்கிச் சீட் வைத்தேன், சரியாக வந்தது. அப்பாவின் பழைய சைக்கிளுக்கும் அதே கணக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். டூர் த பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டால் பரவிய கணக்கு அது. உள்ளளவு 82 சென்டிமீட்டர் என்றால், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை 72.4 சென்டிமீட்டர். பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணி அணிந்து, குனிந்து ஓட்டும் பந்தய வீரருக்காக வந்தது. அப்பா நிமிர்ந்து உட்காருகிறார், அகலப் பெடலைச் செருப்புக் காலால் மிதிக்கிறார், ஸ்பிரிங் வேறு அமுங்குகிறது. அவருக்கு மேலே சொன்ன குதிகால் அளவுதான் சரி.

கேள்வி (வாசகி, புதுக்கோட்டை): 1991-இல், எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆண்கள் சைக்கிளில் ஓட்டப் பழகியவள் நான். இப்போது மகனின் நேர் ஹேண்டில்பார் கியர் சைக்கிளை ஓட்டுகிறேன். அரை மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சீட்டில் உட்காரும் இடமும் வலிக்கிறது. ஜெல் உறை வாங்கலாமா?

பதில்: அம்மா, பார் வைத்த சைக்கிளில் அன்று துணிந்து ஏறிய நீங்கள் ஒரு ஹேண்டில்பாருக்காக ஓட்டுவதை விட்டுவிடக் கூடாது. உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் நரம்புதான் அந்த இரு விரல்களுக்கும் உணர்வு தருகிறது. உடலின் எடை கைகளில் இறங்கும்போது அது நசுங்குகிறது. முதலில் சீட்டின் மூக்கைப் பாருங்கள். கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைச் சமமட்டமாக்குங்கள். அடுத்து ஹேண்டில்பாரை உயர்த்தச் சொல்லுங்கள். அப்படியும் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், பழைய சைக்கிளைப் போலப் பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரைப் போட்டுவிடலாம். பிரேக், கியர் வயர்களின் நீளம் போதுமா என்று மெக்கானிக் பார்த்துக்கொள்வார். முழங்கையைச் சற்றுத் தளர்த்தி, மணிக்கட்டை மடக்காமல் பிடியுங்கள்.

ஜெல் உறையை நான் சிபாரிசு செய்வதில்லை. இடுப்பின் அடியெலும்புகள் அதற்குள் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான சதைதான் அழுந்தும். குனிந்து ஓட்டுபவருக்குக் குறுகலான சீட் பொருந்தும். நிமிர்ந்தால் எடை பின்னுக்கு வந்துவிடும். ஆகவே ஹேண்டில்பார் உயர்ந்த பிறகு, அகலமான, சற்றே கெட்டியான சீட்டாக வாங்குங்கள்.

கேள்வி (வாசகி, தருமபுரி): பதினொன்றாம் வகுப்பில் என் மகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தார்கள். அவள் குள்ளம். சீட்டை அடிவரை இறக்கியும் இடுப்பை இரு பக்கமும் ஆட்டி ஆட்டித்தான் மிதிக்கிறாள்.

பதில்: பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்த தலைமுறை நாங்கள். அப்படியே பழகிக்கொள்ளட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தினமும் பள்ளிக்குப் போய்வரும் பெண்ணுக்கு இடுப்பும் முதுகும் நோகும். ஸ்பிரிங் வைத்த சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் இல்லாத சீட் போட்டாலே உயரம் குறையும். அதுவும் போதாவிட்டால் கிராங்கைக் குட்டையாக்க வேண்டும். பெரியவர்களின் சைக்கிளில் கிராங்க் பெரும்பாலும் 165 முதல் 175 மில்லிமீட்டர் வரை நீளம். சிறுவர் சைக்கிளுக்கான 152 மில்லிமீட்டர் கிராங்க் கடைகளில் கிடைக்கிறது. அச்சுக்குப் பொருந்துமா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அடியில் பெடல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மேலே வந்து அவள் காலுக்கு எட்டும். மேலே போகும்போது முழங்காலும் அவ்வளவாக மடங்காது.