படகு இறக்கும் சரிவில் பிரேக்: வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்கி ஏரிகளில் படகுகள் இறங்க ஆரம்பித்துவிட்டதால், இந்த இதழில் அதையொட்டி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் முன்சில்லுகளால் ஓடும் மினிவான் இருக்கிறது. பதினேழு அடி அலுமினியப் படகை ட்ரெயிலரில் ஏற்றி, புளஃபர்ஸ் பூங்காவின் படகுத்துறைக்குக் கொண்டுபோனேன். பின்னோக்கி இறக்கி, கியரை பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் படகின் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வண்டி தண்ணீரை நோக்கி இரண்டடி நகர்ந்து நின்றது. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். கராஜில் காட்டினால் பிரேக்கில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் வண்டி ஏன் நகர்ந்தது?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: அன்பரே, வண்டி நகர்ந்தபோது சில்லுகள் உருண்டனவா, உருளாமலே வழுக்கினவா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உருண்டிருந்தால் பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். வழுக்கியிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது, தரைதான் பிடிகொடுக்கவில்லை. இந்த இரண்டாவது வகை, கராஜில் வண்டியைத் தூக்கிவைத்துப் பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை போகும்போது, வண்டியை நிறுத்தியதும் நான்கு டயர்களிலும் தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வண்டி நகர்ந்த பிறகும் கோடு இருந்த நிலையிலேயே இருந்தால் அந்தச் சில்லு வழுக்கியிருக்கிறது.

உங்கள் வண்டியின் அமைப்பைப் பார்த்தால், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். பார்க்கில் போடும்போது, கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய இரும்பு நாக்கு பற்சில்லொன்றில் விழுந்து, எஞ்சினால் ஓடும் சில்லுகளை மட்டுமே பூட்டுகிறது. உங்கள் வண்டியில் அவை முன்சில்லுகள். மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டியின் எடை பின்புறம் சாய்கிறது. ஹிட்ச்சில் (ட்ரெயிலரை வண்டியின் பின்னால் பூட்டும் இணைப்பில்) ஏறும் ட்ரெயிலரின் பாரமும் முன்புறத்தை இன்னும் இலேசாக்குகிறது. ஆகவே காய்ந்த தரையில் நிற்கும் முன்சில்லுகளின் மீது பாரம் குறைவாக இருக்கிறது. பாரம் கூடுதலாக உள்ள பின்சில்லுகளோ, நீர்மட்டத்தை ஒட்டி பச்சைப் பாசி படிந்த கொங்கிரீட்டின் மீது நிற்கின்றன. அந்தப் பின்சில்லுகளைத்தான் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது.

படகுக்காரர்கள் பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. இங்கே படகு ட்ரெயிலர்களில் பெரும்பாலும் இருப்பது, வண்டி வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும் விசையால் தானாகவே இயங்கும் சர்ஜ் பிரேக். சரிவில் பின்னோக்கி இறங்கும்போது ட்ரெயிலர் வண்டியைத் தள்ளுவதில்லை, கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே அந்தப் பிரேக் அப்போது வேலை செய்வதே இல்லை. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்குக் குறைந்த ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயமும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் படகு, மோட்டார், ட்ரெயிலர் ஆகிய எல்லாவற்றின் பாரத்தையும் அந்தச் சரிவில் தாங்குவது உங்கள் வண்டியின் பிரேக் ஒன்றுதான்.

அந்தப் பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 2,000 கிலோ, படகோடு ட்ரெயிலர் 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 15 சதவீதச் சரிவில் இவை கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 475 கிலோ எடைக்குச் சமம். புதிய வண்டியின் ஹேண்ட் பிரேக், முழுப் பாரத்துடன் 20 சதவீதச் சரிவில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது வட அமெரிக்கத் தரவிதி. அந்தச் சோதனையில் ட்ரெயிலர் சேராது. முழுப் பாரத்தில் 2,600 கிலோ வரும் வண்டிக்கு அது ஏறக்குறைய 510 கிலோ விசை. புதிய வண்டியே எல்லையை நெருங்கிவிடுகிறது என்றால், பல குளிர்காலம் கண்ட வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலத்தைச் சொல்லக் காரணம் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் ஆண்டு முழுவதும் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. வீதியில் கொட்டும் உப்பு அதன் கம்பிவடத்துக்குள்ளும் பின்பிரேக்கின் நெம்புகோல்களிலும் இறங்கித் துருப்பிடிக்க வைக்கிறது. மே மாதத்தில் முதன்முதலாகப் படகுச் சரிவில்தான் அதை இழுக்கிறோம். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் அந்த இழுவை பின்சில்லு வரை போய்ச் சேராது; அல்லது ஒரு பக்கச் சில்லை மட்டும் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் இப்படிப் பலவீனமாக இருந்து, முன்சில்லுகளில் ஒன்றும் ஈரத்தில் நின்றால், பார்க்கில் போட்டிருந்தும் அந்தச் சில்லு எதிர்த்திசையில் சுழன்று மற்றச் சில்லை உருளவிடும். கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும், இரண்டு சில்லுகளுக்கும் இடையிலுள்ள டிஃபரன்ஷியலின் இயல்பே அதுதான். ட்ரெயிலர் இல்லாமல், ஆட்கள் நடமாட்டமில்லாத ஒரு மேட்டு வீதியில் நியூட்ரலில் போட்டு, கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்க, ஹேண்ட் பிரேக்கால் மட்டும் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் கராஜில் கம்பிவடத்தையும் பின்பிரேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 'பிரேக் நன்றாகப் பிடிக்கிறது' என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கால் பிரேக்கைப் பற்றியதாக இருக்கும்.

சரிவில் நிறுத்தும் முறையிலும் கவனம் தேவை. காலால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாகப் போடுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி, காலை மெல்லத் தளர்த்தி, பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்குகிறதா என்று பாருங்கள். நின்றால், மறுபடி மிதித்துக்கொண்டு பார்க்கில் போடுங்கள். அதன் பின்னர், வெளியில் நிற்கும் துணையாள் முன்சில்லுகளுக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கத்தில் அடைக்கட்டைகளை வைக்கும் வரை உங்கள் கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். கட்டையில் ஒரு கயிறு கட்டி வைத்தால், பிறகு வண்டி மேலேறும்போது அதை எளிதாக இழுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை, சரிவுக்கு வருமுன் மேலே தரிப்பிடத்திலேயே இறக்கிவிடுங்கள். தண்ணீரில் இறங்கிய வண்டிக்குள் பின்னிருக்கைப் பட்டியை அவிழ்க்க எத்தனை நொடி கிடைக்கும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

கேள்வி: கிங்ஸ்டன் சாலையிலிருந்து பிரிம்லி சாலை வழியாகப் படகோடு ஏரிக்கரைக்கு இறங்கிவந்தால், துறையை அடையும்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. அரை மணி நேரம் கழித்துச் சரியாகிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். ஆறியதும் சரியாகிவிடுகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. செங்குத்தான அந்த இறக்கத்தில், பிரேக் இல்லாத ட்ரெயிலரும் பின்னால் இருந்து தள்ள, நீங்கள் மேலிருந்து கீழ்வரை பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் அந்த வெப்பத்தை எட்டிக் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம்; அதனால்தான் பெடல் ஆழமாகப் போகிறது. இந்த நிலையில் அடுத்து நீங்கள் பின்னோக்கி இறங்கப்போவது தண்ணீரை நோக்கி.

எண்ணெயை முழுவதுமாக மாற்றுங்கள். எந்த வகை என்பதை எண்ணெய்க் குடுவையின் மூடியிலேயே எழுதியிருப்பார்கள். இறக்கம் தொடங்குமுன்பே கியரைத் தாழ்த்தி, எஞ்சினே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி செய்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதியுங்கள். கீழே வந்ததும் நேரே சரிவுக்குப் போகாமல், படகைத் தயார்படுத்தும் வேலைகளை முடிக்கும் வரை பிரேக்கை ஆறவிடுங்கள். கொதிக்கும் பிரேக் டிஸ்க் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) குளிர்ந்த நீரில் நனைந்தால் கோணவும் கூடும்.

கேள்வி: சரிவில் எஞ்சினை நிறுத்தியிருந்தேன். வண்டியைச் சற்றுக் கீழே விடுவதற்காக பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாக இறுகிவிட்டது. இது பழுதா?
– வாசகர், மார்க்கம்

பதில்: பழுதல்ல. பெரும்பாலான வண்டிகளில் உங்கள் காலின் விசையைப் பெருக்கித் தருவது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம். எஞ்சின் நின்ற பின் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். அதற்கு மேல் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஆகவே எஞ்சின் ஓடாமல் சரிவில் வண்டியை ஓரடிகூட நகர்த்தாதீர்கள். வீட்டில் ஒன்றைச் சோதித்துக்கொள்ளலாம்: எஞ்சின் நின்றிருக்கும்போது பெடல் இறுகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது கீழே இறங்கினால் பூஸ்டர் (வெற்றிடத்தால் காலின் விசையைப் பெருக்கும் பாகம்) நலமாக இருக்கிறது. அசையவேயில்லை என்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் குழாயையோ பார்க்க வேண்டும்.

கேள்வி: வீட்டு வாசலில் மேடான பகுதிக்கு ட்ரெயிலரைப் பின்னோக்கி ஏற்றினால் அதன் பிரேக் இறுகிவிடுகிறது. நண்பர் ஒருவர் ஹிட்ச்சில் ஒரு 'பின்' (இரும்பு முளை) செருகிவைக்கச் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், பிக்கரிங்

பதில்: பின்னோக்கி மேடேறும்போது வண்டி ட்ரெயிலரைத் தள்ளுவதால், சர்ஜ் பிரேக் அதை வேகம் குறைவதாக எடுத்துக்கொண்டு பிடிக்கிறது. பின்னைச் செருகலாம். ஆனால் அதை எடுக்க மறந்து நெடுஞ்சாலைக்குப் போனால் ட்ரெயிலருக்குப் பிரேக்கே இருக்காது. இதற்கு நல்ல தீர்வு, ட்ரெயிலரின் மின்கம்பிகளை வண்டியோடு இணைக்கும் ஐந்து முனைப் பிளக்கில் ஐந்தாவது கம்பியை ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தோடு இணைப்பது. ரிவர்ஸ் கியர் போட்டவுடன் ஒரு வால்வு ட்ரெயிலர் பிரேக்குக்குப் போகும் எண்ணெயைத் தடுக்கும், கியரை மாற்றியவுடன் தானாகவே திறந்துவிடும். ட்ரெயிலரில் அந்த வால்வு இருந்தும் வண்டியில் நான்கு முனைப் பிளக் மட்டுமே இருப்பதுதான் பல இடங்களில் சிக்கல். உங்களுடையதிலும் முதலில் அதைப் பாருங்கள்.