வெளிநாட்டு நிதி நின்ற பிறகு தாய்சேய் நலத் திட்டத்தை எப்படித் தொடர்வது?

கடைசி வருடத்தில் யோசித்தால் நேரம் போதாது. முதல் வருடத்திலேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஊரில் வேலை செய்யும் பெண்ணுக்கு நாளைக்குச் சம்பளம் யார் தருவார்?

தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. உலக வங்கிக் கடனுடன் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அட்டையில் எடைக்கோடு ஏறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள். எல்லாருக்கும் எப்போதும் என்று இல்லாததால் செலவு கட்டுக்குள் இருந்தது. கோடு ஏறுகிறதா என்று அம்மாவே அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான்.

இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்தது. ஆனால் மையங்களைப் பூட்டவில்லை, அங்கன்வாடித் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். பணியாளர்கள் உள்ளூர்ப் பெண்கள், திட்டத்தை நடத்தியது அரசு. அதனால் அது சாத்தியமானது. அரசுக்கு வெளியே தனி அலுவலகம், தனிச் சம்பள விகிதம் என்று வைத்திருந்தால் இணைப்பது பெரும்பாடாகியிருக்கும்.

சரி, உங்கள் திட்டத்துக்கு? பணியாளர் ஊதியத்தை ஆண்டுக்குக் கொஞ்சமாக அரசு பட்ஜெட்டுக்கு மாற்றுங்கள். அப்புறம், தராசு பழுது பார்க்கவும் தடுப்பூசிக் குளிர்பெட்டியைப் பராமரிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். சின்னத் தொகை என்று அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தராசு கெட்டுப்போனால் அந்த மாதம் எடை பார்ப்பதே நின்றுவிடும்.