கசிவு நின்ற பிறகு எந்தக் கோடு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது டாக்டர் எழுதும் நோய்களைக் குறியீட்டு எண்களாக மாற்றும் வேலைக்கு, புதியவன் நான். அமெரிக்க அவுட்பேஷன்ட் சார்ட்டுகள் பார்க்கிறேன். ஒரு பெண்மணிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் மூளைக்குள் ரத்தக்கசிவு. இப்போது டாக்டரிடம் தொடர் பரிசோதனைக்கு வருகிறார். ‘கசிவுக்குப் பின் இடது கை, கால் பலவீனம்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கசிவு என்று இருந்ததால் மூளைக்குள் ரத்தக்கசிவுக்கான ஐ61.9 கோடைப் போட்டேன். ஆடிட்டில் திருப்பிவிட்டார்கள். கசிவு வந்தது உண்மைதானே, அப்புறம் ஏன் தப்பு?

பதில்: உண்மைதான் தம்பி. ஆனால் ஐ61 என்பது கசிவு நேர்ந்து, அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்தச் சமயத்துக்கான கோடு. இரண்டு வருஷம் கழித்து வந்த சார்ட்டில் அதைப் போட்டால், அந்த அம்மாவுக்கு இன்றைக்குப் புதிதாகக் கசிவு வந்திருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அடுத்து பார்க்கிற டாக்டரும் அதை நம்புவார், இன்சூரன்ஸ்காரரும் நம்புவார். அவர் இன்று உண்மையில் எதோடு வாழ்கிறார் என்பது பதிவிலேயே வராது. எனக்கு அதுதான் பெரிய குறை.

நீங்கள் போக வேண்டிய இடம் ஐ69, அதாவது பழைய கசிவோ அடைப்போ விட்டுப்போன பின்விளைவுகளுக்கான கோடு. புள்ளிக்கு அடுத்த எண் எந்த நோயின் விளைவு என்று சொல்கிறது. 0 என்றால் மூளை உறைக்கு அடியில் வந்த சப்அரக்னாய்டு கசிவு, 1 என்றால் மூளைத் திசுவுக்குள்ளேயே வந்த கசிவு, 2 மண்டையோட்டுக்குள் வந்த மற்றக் கசிவுகள், 3 ரத்தக்குழாய் அடைப்பு. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ‘பழைய ஸ்ட்ரோக்’ என்று மட்டும் இருந்தால் கோடு புத்தகம் நம்மை 3-க்குத்தான் அழைத்துப்போகும். அதனால் முதல் பக்கத்தில் ‘ஸ்ட்ரோக்’ என்று பார்த்ததும் ஐ69.3 போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் டாக்டர் தெளிவாக ‘மூளைக்குள் ரத்தக்கசிவு’ என்று எழுதியிருப்பார். கசிந்தவருக்கு அடைப்பு என்று பதிவு போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற டாக்டருக்கு இந்த ஒரு எண் சின்ன விஷயமில்லை.

உங்கள் சார்ட்டில் மூளைக்குள் கசிவு என்பதால் 1, ஒரு பக்கக் கை கால் பாதிப்பு என்பதால் அடுத்து 5, ஆக ஐ69.15 வரை வந்துவிட்டோம். ‘பலவீனம்’ என்றுதானே இருக்கிறது, பக்கவாதம் என்று இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு பக்கப் பலவீனத்தை டாக்டரே ஸ்ட்ரோக்கோடு சேர்த்து எழுதியிருந்தால் ஹெமிபரேசிஸ் (ஒரு பக்க பகுதி வாதம்) என்றே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் ‘கோடிங் கிளினிக்’ 2015 முதல் காலாண்டு இதழில் இதைச் சொல்லிவிட்டது.

கடைசி எண் இருக்கிறதே, அதில்தான் நான் நின்று பார்ப்பேன். பாதிக்கப்பட்டது எந்தப் பக்கம், அந்தப் பக்கம் அவருடைய பழக்கப்பட்ட கையா என்று அது கேட்கிறது. எழுதியிருக்காவிட்டால் விதி இருக்கிறது: வலது பக்கம் பாதித்திருந்தால் பழக்கப்பட்ட பக்கம், இடது என்றால் மற்றப் பக்கம், இரண்டு கையும் பழக்கம் என்றால் பழக்கப்பட்ட பக்கம். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஐ69.154.

ஆனால் விதிக்குப் போகும் முன் சார்ட்டை முழுதாகப் படியுங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் செய்த ஒருவரின் சார்ட் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடது பக்கம் விழுந்துவிட்டது. நோய் விவரத்தில் எங்கும் கைப்பழக்கம் இல்லை. சமூகப் பின்னணி என்ற பகுதியில், புகைப்பழக்கம் இல்லை என்ற வரிக்குக் கீழே, ‘இடக்கைக்காரர்’ என்று டாக்டர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். அதைப் பார்க்காமல் விதியை மட்டும் பிடித்திருந்தால் 154 என்று போயிருக்கும். சரியானது 152. ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை போய்விட்டது என்று அந்தப் பதிவில் சொல்ல இருந்த ஒரே இடம் அந்த 2 மட்டும்தான்.

கேள்வி: பேச்சுப் பயிற்சியாளர் குறிப்பில் ‘அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் பேச்சு, மொழிக் குறைபாடு), விழுங்குவதில் சிரமம்’ என்று இருக்கிறது. டாக்டர் குறிப்பில் அது இல்லை. போடலாமா?

பதில்: அப்படியே போடக் கூடாது. நோயைச் சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. ஆனால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது, குவரி, அதாவது டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்புங்கள். ‘அஃபேசியா என்று எழுதுங்கள்’ என்று கேட்பது தவறு. பயிற்சியாளர் கண்டதை அப்படியே எடுத்துக்காட்டி, இதற்கு உங்கள் மருத்துவக் கருத்து என்ன, பழைய கசிவோடு தொடர்பு உண்டா என்று கேட்க வேண்டும். அவர் ஆமென்றால் பேச்சுக்கு ஐ69.120. விழுங்குதலுக்கு ஐ69.191, கூடவே எந்தக் கட்டத்தில் சிரமம் என்று காட்ட ஆர்13.1 வரிசையில் ஒன்று. இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிரமம் வாயிலா தொண்டையிலா என்பது அதில்தான் வரும்.

கை, பேச்சு, நினைவு எல்லாம் ஒருவருக்கே பாதித்திருந்தால் எல்லாவற்றையும் போடுங்கள். ஒரு ஐ69 போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது சரியில்லை. குறிப்பாக நினைவுக் குறைபாடு, ஐ69.111. நடை சரியில்லை என்றால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், மறதி தெரியாது. டாக்டர் எழுதியும் கோடில் வராமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: என் அப்பா மாடிப்படியில் விழுந்து தலையில் ரத்தம் கட்டியது. அவருக்கு ஐ69 வரவில்லை. எஸ்06 என்று தொடங்கி எஸ் என்றே முடியும் கோடு போட்டிருக்கிறார்கள். ஏதாவது தவறா?

பதில்: தவறில்லை. கசிவைப் பொறுத்தவரை, ஐ69 தானாக வந்ததற்கு மட்டும். அடிபட்டு வந்ததற்கு எஸ்06. கடைசியில் உள்ள எஸ், இது அந்தக் காயத்தின் பின்விளைவு என்று சொல்கிறது. அதற்கு முன் வரியில் அவருக்கு இப்போதுள்ள குறை தனிக் கோடாக இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கசிவு வந்து நெடுநாள் கழித்து வலிப்பு நோய் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஐ69 செல்லுமா?

பதில்: செல்லும். அமெரிக்க விதியில் கால வரம்பே இல்லை. கசிவால் வந்த வலிப்பு நோய் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஐ69.198, அதோடு வலிப்பு நோய்க்கான ஜி40 வரிசையில் பொருத்தமானது. தொடர்பு எழுதப்படவில்லை என்றால் நாமாக முடிச்சுப் போடக் கூடாது, குவரிதான். அதேபோல பழைய குறை இருக்கும்போதே புதிதாக இன்னொரு கசிவு வந்தால் ஐ61-ம் ஐ69-ம் ஒரே சார்ட்டில் சேர்ந்து வரலாம். சிஸ்டம் எச்சரிக்கை காட்டினாலும் பயந்து பழையதை நீக்கிவிடாதீர்கள்.